கரிப்புகையும் கடப்பாடும்

ஒரு தீமை பலர் கூடிச் செய்ய விளைவதாயின் அதற்குரிய பழி எவரைச் சாரும் என்பது அறநெறி ஆராய்வார்க்கு அரிய வினா. ஒருவன் மற்றொருவனைக் கோலால் அடித்தானாயின், அடித்தவன் இவன், அடிபட்டவன் இவன் என்று சுட்டிக் கூறலாம். கோடிக்கணக்கானோர் தத்தம் வீட்டில் விளக்கேற்றியும், வண்டி ஊர்ந்தும், ஆலை நடாத்தியும் எழுப்பிய புகை ஒன்றாய்த் திரண்டு, இன்று வாழ்வார்க்கும் இனிப் பிறப்பார்க்கும் தீங்கு செய்யுமாயின், அடித்தவன் இவன் என்று சுட்டுதல் எங்ஙனம்? இவ்வினா இப்பொழுது நம் பாடசாலைகளின் வாயிலில் வந்து நிற்கின்றது. புவி வெப்பமுறுதலின் இயல்பை ஆசிரியர் கூறி முடித்த அளவிலே, "இது யார் குற்றம்?" என்று ஒரு பிள்ளை கேட்கும். அதற்கு யாம் இறுக்கும் விடை அப்பிள்ளையின் ஒழுக்கத்தை ஆக்கவும் வல்லது, கெடுக்கவும் வல்லது. ஆதலின் அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

முதற்கண் பொருளின் இயல்பை அறிதல் வேண்டும். நிலக்கரியும் நிலத்தெண்ணெயும் எரியுங்கால் காபனீரொட்சைட்டு என்னும் வாயு எழுகின்றது. அதில் ஏறக்குறையப் பாதியைக் கடலும் மரஞ்செடிகளும் ஏற்றுக்கொள்ள, எஞ்சியது வளிமண்டலத்தில் நெடுங்காலந் தங்கி, நிலம் வெளிவிடும் வெப்பம் விண்ணிற் செல்லாதவாறு தடுக்கின்றது. கைத்தொழிற் பெருக்கத்துக்கு முன் வளியின் பத்து இலட்சம் பங்கில் ஏறத்தாழ 280 பங்காயிருந்த இவ்வாயு இன்று 420 பங்கைக் கடந்துவிட்டது. 2024ஆம் ஆண்டில் உலகின் சராசரி வெப்பம், 1850 முதல் 1900 வரையிலான காலத்து அளவினும் ஏறத்தாழ 1.55 பாகை மிக்கிருந்ததென உலக வானிலை அமைப்பு அறிவித்தது. வெப்பம் ஒரு பாகை உயரின் வளி தாங்கத்தக்க நீராவி நூற்றுக்கு ஏழு பங்களவு மிகும். மிகவே, பெய்யும் மழை பெருமழையாதற்கு ஏது உண்டாம். பெருமழையாற் களனியாறு கரைபுரளுங்கால் வெள்ளம் முதலிற் புகுவது ஆற்றோரத்துத் தாழ்நிலக் குடில்களில். வெள்ளவத்தைத் தொடர்மாடியின் ஏழாந் தளத்தில் அன்று. புகை மிக எழுப்பினார் ஒருவர், துன்பம் மிக நுகர்வார் மற்றொருவர் என்னும் முறைகேடு இவ்விடத்தே தோன்றுகின்றது. நாடுகளை நோக்கினும் அஃதே. எரிபொருளால் எழும் காபனீரொட்சைட்டு, ஆண்டொன்றுக்கு ஆளொருவர்க்கு, அமெரிக்க நாட்டில் ஏறத்தாழ 14 தொன். உலகச் சராசரி 5 தொன்னுக்குச் சிறிது குறைவு. இலங்கையில் ஏறத்தாழ 1 தொன். ஆகவே, பழி யாரது என்னும் வினா வெறுஞ் சொல்வாதமன்று. நீதி பற்றிய வினாவேயாம்.

இனி, இதன்கண் இரு கட்சியார் உளர்.

முதற் கட்சியார் கூறுவது: "கம்பனி எவனையும் வலிந்து பெற்றோல் வாங்குவிப்பதில்லை; வாங்குவோர் உளராதலின் விற்கின்றது. ஒவ்வொருவனும் வேண்டாத விளக்கை அணைத்து, நடக்கத்தக்க வழியை நடந்து, மிகைநுகர்ச்சியை விடுப்பானாயின், எண்ணெய்க் கிணறு தானே தூர்ந்துபோம். ஆதலின் கடப்பாடு தனிமனிதர்க்கே உரியது" என்பதாம். இவர் திருவள்ளுவரையும் துணைக்கழைப்பர். புலான் மறுத்தல் என்னும் அதிகாரத்தில், உண்ணுதற்பொருட்டு வாங்குவார் இலராயின் விற்பாரும் இலராவர் என்னும் கருத்து அமைந்திருக்கின்றது அன்றோ என்பர்.

இரண்டாங் கட்சியார் கூறுவது: "2017ஆம் ஆண்டில் வெளிவந்த 'காபன் மேஜர்ஸ்' அறிக்கையை நோக்குமின். 1988 முதல் உலகக் கைத்தொழிலால் எழுந்த பச்சைவீட்டு வாயுக்களில் நூற்றுக்கு 71 பங்கு, நிலக்கரியும் எண்ணெயும் எரிவாயுவும் அகழ்ந்தெடுக்கும் 100 நிறுவனங்களோடு தொடர்புடையதென அது காட்டிற்று. அங்ஙனமிருப்ப, ஏழை வீட்டு விளக்கை எண்ணுவது என்னை? அன்றியும், ஒவ்வொருவரும் தம் 'காபன் அடிச்சுவட்டை'க் கணக்கிட்டுப் பார்க்கும் வழக்கத்தை 2004ஆம் ஆண்டளவில் உலகெங்கும் பரப்பினோருள் முதன்மையானது பீ.பீ. என்னும் எண்ணெய்க் கம்பனியே. தன் வாயிற் புகையை மறைத்தற்குப் பிறர் அடுப்புப் புகையைக் காட்டும் சூழ்ச்சி அது" என்பதாம்.

இவ்விரு கூற்றும் உண்மையின் ஒவ்வொரு கூறு உடையன. அதுவே முழுதுமெனக் கொள்ளுங்கால் இரண்டும் பிழைபடுவன.

முதற் கட்சியார் வள்ளுவரைக் காட்டியது பொருந்துமோவெனின், பொருந்தாது. என்னை? புலால் வாங்குவானை ஓரதிகாரத்திற் கடிந்த அப்பெரியார், கொல்லாமை என்னும் வேறோரதிகாரம் வகுத்துக் கொல்வானையும் கடிந்தார். வாங்குவானுக்குப் பழியுண்டு என்றமையாற் கொல்வான் பழி நீங்கிற்றென அவர் யாண்டும் கூறிற்றிலர். அன்றியும், புலால் உண்ணாது வாழ்தல் பெரும்பாலார்க்கு இயல்வதொன்று. கொட்டாஞ்சேனைத் தோட்டக் குடியிருப்பில் ஓரறையில் வாழும் தாயொருத்தி மின்விளக்கும் பேருந்தும் இன்றி நகரில் வாழ்தல் இயல்வதன்று. அம்மின்சாரம் நீரால் வருவதோ கரியால் வருவதோ என்பதைத் தெரிவு செய்யும் உரிமையும் அவளுக்கு இல்லை.

இனி, இரண்டாங் கட்சியார் காட்டிய கணக்கை நோக்குவாம். அந்நூறு நிறுவனங்களுட் பல, சவூதி அராம்கோ, கோல் இந்தியா முதலியன போல, அரசுகளுக்கு உரியனவாம். மேலும், அவற்றின் பெயரில் எழுதப்பட்ட புகையில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு, அவை அகழ்ந்த எரிபொருளை வாங்கியோர் எரித்தபொழுது எழுந்தது. எனவே ஒரே புகையை அகழ்ந்தோர் வாயிலில் நின்று எண்ணின் அது நூறு நிறுவனத்தின் புகை. எரித்தோர் வாயிலில் நின்று எண்ணின் அது மக்கள் எல்லாரது புகை. இரு கணக்கும் மெய்யே. தந்தை விட்ட காணியைப் பிள்ளைகள் பங்கிடுங்கால் ஒருவனுக்கு மிகுந்தது மற்றவனுக்குக் குறையும். பழியோ அங்ஙனம் பங்கிடப்படும் பொருளன்று. கம்பனியின் பழி இத்துணைப் பெரிதென்று நிறுவியமையால் நுகர்வோன் பழி ஓரணுவுங் குறையாது. நுகர்வோனும் உடந்தை என்றமையாற் கம்பனியின் பழியும் குறையாது. இரு கட்சியாரும் மயங்குமிடம் இதுவே.

இதனைத் தேரோட்டத்தில் வைத்துக் காண்க. வடம் பிடிப்போர் ஆயிரவர். அவருள் ஒருவன் கைவிட்டானாயினும் தேர் ஓடும். ஆயினும் இழுத்தவருள் அவனும் ஒருவனே. சில்லின் அடியில் முட்டுக்கட்டை போடுவோர் மிகச் சிலர். தேர் எத்திசை திரும்புதல் வேண்டும், எவ்விடத்து நிற்றல் வேண்டும் என்பது அவர் கையில் உள்ளது. தேர் வீட்டுச் சுவரில் மோதிற்றாயின், "யாம் கட்டைதான் போட்டேம், இழுத்தவர் நீவிரே" என்று அவர் கூறுதல் தகுமோ? தகாது. சுவரை நோக்கித் தேர் போதலைக் கண்ணாரக் கண்டும் விடாதிழுத்தவர், "கட்டை எம் கையில் இல்லை" என்று மட்டுங் கூறித் தப்புதல் தகுமோ? அதுவுந் தகாது.

ஆயின் எல்லார் பழியும் ஒத்ததோவெனின், அன்று. பழியின் அளவு அறிதற்கு மூன்று அளவைகள் வேண்டும். அவை அறிவு, தெரிவு, பயன் என்பன. விளைவை அறிந்து செய்தானோ, வேறு வழி அவனுக்கு இருந்ததோ, அச்செயலால் அவன் எய்திய ஊதியம் எத்துணை என்பனவே அவை.

அறிவு என்னும் அளவையை முதலில் நோக்குவாம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கொழும்புத் துறைமுகம் நீராவிக் கப்பல்கள் நிலக்கரி ஏற்றிக்கொள்ளும் பெருந்தானமாய் விளங்கிற்று. தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் அக்கரியைச் சுமந்து உழைத்தனர். அக்கப்பல்கள் விட்ட புகையின் ஒரு பகுதி இன்றும் வளிமண்டலத்தில் உண்டு. அதன்பொருட்டு அத்தொழிலாளரை யாம் பழிப்பமோ? பழியோம். அவர்க்கு அறிவுமில்லை, தெரிவுமில்லை. எய்திய பயனும் அன்றாடக் கூலியே. கப்பற் கம்பனியார் பெரும்பயன் எய்தினராயினும், காற்றின் வெப்பத்தைக் குறித்த அறிவு அக்காலத்து அவர்க்கும் இல்லை. ஆனால் 1977ஆம் ஆண்டில் எக்சன் என்னும் அமெரிக்க எண்ணெய்க் கம்பனியின் தலைவர்களுக்கு, அவர்தம் அறிவியலாளரே கரிவாயுவால் விளையும் வெப்பத்தை எடுத்துரைத்தனர். அக்கம்பனியார் அந்நாளிற் செய்துவைத்த கணிப்புக்கள் பெரிதும் பிழையற்றன என்று 2023ஆம் ஆண்டில் 'சயன்ஸ்' இதழில் வெளிவந்த ஆராய்ச்சி காட்டிற்று. அங்ஙனம் அறிந்தும், பின்னர்ப் பல்லாண்டு அவ்வறிவியல் ஐயத்துக்குரியதென்று விளம்பரஞ் செய்தனர். அறியாது செய்தார் நிலை வேறு. அறிந்து செய்தார் நிலை வேறு. அறிந்ததை மறைத்துப் பிறர் அறிவையுங் கெடுத்தார் நிலை யாவற்றினும் கொடிது.

நம் கடலிலும் இதற்கோர் எடுத்துக்காட்டு உண்டு. 2021 மே 20இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் என்னும் கப்பல் கொழும்புக்கு அணித்தாய கடலில் தீப்பற்றிச் சின்னாளில் மூழ்கிற்று. அதிலிருந்த பிளாஸ்டிக் மணிகள் மேற்குக் கரையெங்கும் ஒதுங்கின. மீனவர் தொழில் இழந்தனர். கப்பலில் நைத்திரிக்கமிலம் கசிந்தமை தீப்பற்றுதற்கு முன்னரே அறியப்பட்டிருந்தது. 2025 யூலை 24இல் இலங்கை உயர் நீதிமன்றம் நூறு கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு செலுத்துமாறு கப்பற் தரப்பினர்க்குக் கட்டளையிட்டது. பிளாஸ்டிக் வாளி வாங்கிய வெள்ளவத்தை இல்லாளும் இதற்குப் பொறுப்பாளி என்று எவருங் கூறிற்றிலர். அறிந்தோரும் தடுக்கத்தக்கோரும் எவரோ அவரையே பழி முதலிற் சாரும் என்பது இதனால் விளங்கும்.

தெரிவு என்னும் அளவையை 2022ஆம் ஆண்டு நமக்கு நன்கு கற்பித்தது. அவ்வாண்டு மார்ச்சு மாத இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை நீண்டது. எரிபொருளுக்காக மக்கள் இரவும் பகலும் வரிசையில் நின்றனர். யூன் மாத இறுதியிற் கொழும்புப் பாடசாலைகள் மூடப்பட்டன. காலி வீதியில் மோட்டார் வண்டி குறைந்து துவிச்சக்கரவண்டி பெருகிற்று. நாட்டின் புகை அப்பொழுது குறைந்தது மெய்யே. அதனை அறமென்று கூறுவார் உளரோ? உணவில்லாதான் உண்ணாதிருத்தல் நோன்பாகாதவாறு போல, வழியில்லாதான் எரியாதிருத்தலும் அறமாகாது. அவ்வாறே, வேறு வழியில்லாதான் எரித்தலும் முழுப் பழியாகாது. தனிமனிதன் செய்வனவும் செய்யாதனவும் பெரும்பாலும் அவனைச் சூழ்ந்த ஏற்பாட்டின்வழி நிகழ்வன. அவ்வேற்பாட்டை வகுப்பவர் கையிலே தெரிவு மிகுதியும் உள்ளது.

பயன் என்னும் அளவை யாவர்க்கும் எளிதின் விளங்கும். நான்கு அறைக்கு நான்கு குளிரூட்டும் பொறி இயங்கும் தொடர்மாடி மனையும், ஒரு விசிறி சுழலும் தோட்டத்து வீடும் ஒரே கொழும்பில் உள்ளன. பங்காதாயம் பெறுவோனும் கூலி பெறுவோனும் ஒரே நிறுவனத்தில் உளர். இவரையெல்லாம் "தனிமனிதர்" என ஒரு சொல்லால் அடக்கி, எல்லார்க்கும் ஒரே கடப்பாடு விதித்தல் நேர்மையன்று.

இம்மூன்றளவையானும் நோக்குங்கால் அகழ்ந்தெடுத்து அறிந்து மறைத்த நிறுவனங்கள் முதலிலும், ஏற்பாடு வகுக்கும் அரசுகள் அடுத்தும், வசதியுடைய நுகர்வோர் அதனையடுத்தும், வழியற்ற வறியோர் கடைசியிலும் நிற்பர் என்பது பெறப்படும்.

இங்கே ஒரு தடை எழும். "வினை உயிர்க்கன்றிச் சடத்துக்கு இல்லை. கம்பனி என்பது ஒரு பெயர், அதற்கு உயிரில்லை. உயிரில்லாததற்குக் கடப்பாடு எங்ஙனம்?" எனின், கூறுதும். சக்கரமுந் தண்டும் தாமே குடம் வனையா, வனைவான் குயவன். கம்பனியென்னும் பொறிக்குப் பின்னின்று தீர்மானஞ் செய்தோரும், கையெழுத்திட்டோரும், அறிந்து வாளாவிருந்தோரும் உயிருடைய மக்களே. வினைப்பயன் அவரவர் அளவில் அவரவரைச் சாரும். பெயரின் பின் ஒளித்துக்கொள்ள அவர்க்கு இடமில்லை. மற்று, கூட்டம் கூட்டமாகவே கடன்படுதலும் உண்டு. ஒரு சைவ பாடசாலைச் சபை முன்னாளிற் பட்ட கடனை, அந்நாளிற் பிறந்திராத இந்நாள் அங்கத்தவர் இறுக்கின்றனர் அல்லரோ? சபையின் நற்பெயரையும் கட்டடத்தையும் ஏற்றுக்கொண்டவர் கடனையும் ஏற்றலே முறை. அங்ஙனமே, பழைய ஊதியத்தால் வளர்ந்த நிறுவனம் பழைய புகைக்கும் விடையிறுத்தல் வேண்டும். வினை உயிரைச் சாரும். இழப்பீடு கூட்டத்தைச் சாரும். இரண்டும் தம்முள் மாறுகொள்ளா.

மற்றொரு தடை: "எம் பங்கு துளியினுஞ் சிறிது, யாம் நிறுத்தினும் உலகு மாறாது" என்பது. இதனைத் தனிமனிதரும் கூறுவர், சிறு நாட்டாரும் கூறுவர், கம்பனியாருங் கூறுவர். பெரு நாட்டு உழவராகிய சவூல் லூசியானோ லியூயா என்பவர், பனிமலை உருகிப் பெருகிய ஏரியால் தம் மனைக்கு இடருண்டு எனக் கூறி, 2015ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஆர்.டபிள்யூ.ஈ. என்னும் மின்சாரக் கம்பனிமீது வழக்குத் தொடுத்தார். உலகில் எழுந்த கைத்தொழிற் புகையில் அக்கம்பனியின் பங்கு நூற்றில் அரைப்பங்கினுங் குறைவே. 2025 மே 28இல் ஹம் நகர மேல்நீதிமன்றம், அவர் மனைக்கு நேரத்தக்க இடர் மிகச் சிறிதென்று கண்டு வழக்கைத் தள்ளிற்று. ஆயினும், பெரும்புகை எழுப்பினோர் அதன் விளைவுக்குப் பொறுப்பாளராதல் கூடும் என்னும் நெறியை அம்மன்று ஒப்புக்கொண்டது. பங்கு சிறிதென்பது பழியின் அளவைக் குறைக்கும், பழியை இல்லையாக்காது.

ஆயின் தனிமனிதன் செய்யத்தக்கது யாது? இதற்கு நம் நாட்டுச் சம்பூரே விடை கூறும். திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரில், 2006ஆம் ஆண்டுப் போரால் மக்கள் இடம்பெயர்ந்த நிலத்தில், இந்தியாவின் தேசிய அனல் மின் கழகமும் இலங்கை மின்சார சபையும் கூடி 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் அமைக்க முற்பட்டன. ஊரவர் எதிர்த்தனர், சூழல் காப்போர் உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். 2016 செப்ரெம்பரில் அத்திட்டம் கைவிடப்படும் என அரசு மன்றுக்கு அறிவித்தது. இதனைக் கரும்பலகையிற் கணக்கிட்டுக் காட்டுக. அந்நிலையம் தன் ஆற்றலிற் பத்தில் ஏழு பங்கு இயங்கியிருப்பின், ஆண்டுக்கு ஏறத்தாழ 306 கோடி அலகு மின்சாரம் ஆக்கியிருக்கும். 60 வாட் விசிறியொன்றை நாளொன்றுக்கு 8 மணி நேரம் நிறுத்தினால் ஆண்டுக்கு மிஞ்சுவது ஏறத்தாழ 175 அலகு. எனவே அவ்வொரு நிலையத்தின் மின்சாரம் ஏறத்தாழ 1 கோடியே 75 இலட்சம் விசிறிகளை அங்ஙனம் நிறுத்துதற்கு ஒப்பாம். நம் நாட்டு மக்கள் தொகையோ 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 2 கோடியே 17 இலட்சம். சிலர் கூடி முட்டுக்கட்டையைப் பிடித்ததன் வலி இத்துணைத்து.

இதனால் விசிறியை நிறுத்துதல் வீண் என்பது எம் கருத்தன்று. சம்பூரைத் தடுத்த நாடு நுரைச்சோலையின் 900 மெகாவாட் நிலக்கரி மின்சாரத்தை இன்றும் நுகர்கின்றது. கரி வேண்டா என்போர், அதற்கீடான வேறு ஆற்றலுக்கு ஆகும் செலவையும், தம் நுகர்ச்சியிற் குறைவையும் ஏற்க ஒருப்படல் வேண்டும். இன்றேல் அவர் கூற்று வெறுஞ் சொல்லாம். அதே சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின்திட்டத்துக்கு 2025 ஏப்பிரல் 5இற் தொடக்கவிழா நிகழ்ந்தது. கரியை மறுத்தோர் கண்ணோக்கி நிறைவேற்றுவிக்க வேண்டிய கடன் அது. தன் வீட்டில் அடங்கியொழுகுதல் ஒருவன் சொல்லுக்கு வாய்மை தரும்; கூடி முயலுதல் அவ்வாய்மைக்கு வலிமை தரும்.

இனி, ஆசிரியர் செய்யத்தக்கன சில கூறி அமைவாம். "நீ விளக்கணைத்தால் உலகு பிழைக்கும்" என்று எல்லாப் பிள்ளைகட்கும் ஒருபடித்தாகக் கூறற்க. அது கணக்குக்கும் ஒவ்வாது. ஒற்றை விளக்கில் எழுத்துக்கூட்டும் பிள்ளைக்குத் தகாத பழியைச் சுமத்துதலுமாம். "எல்லாம் கம்பனியின் குற்றம், நாம் என் செய்வது?" என்றும் கூறற்க. அது கைகட்டியிருத்தலைக் கற்பிக்கும். நம் விளக்கு எங்கிருந்து எரிகின்றது என்பதை முதலிற் கற்பிக்க. பாடசாலையின் மின்கட்டணச் சீட்டே அதற்குப் பாடநூலாகும். அறிவு, தெரிவு, பயன் என்னும் மூன்றளவையால் யார்க்கு எத்துணைக் கடப்பாடு என்று மாணவரே ஆராயச் செய்க. பின்னர், தாம் அங்கம் வகிக்கும் பாடசாலைச் சபையிலும், ஆலய பரிபாலன சபையிலும், கூட்டுறவுச் சங்கத்திலும் இவ்வினாவை எழுப்புக. கூரைமேற் சூரியத் தகடு பதித்தல் இயலுமோ, திருவிழா விளக்குகளில் வேண்டியது எவ்வளவு, மிகை எவ்வளவு, சேமநிதி எத்தொழிலில் இடப்பட்டுள்ளது என்பன ஒருவர் தனித்துத் தீர்க்கத்தக்கன அல்ல, கூட்டமே தீர்க்கத்தக்கன. மின்கட்டணத் திருத்தங்களின்போது பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு பொதுமக்களின் கருத்தைக் கேட்கும் வழக்கமுடையது. அங்கே நம் சபைகளின் குரல் எழுதல் வேண்டும்.

கூட்டத்தின் பழியைக் குறித்துப் பேசும் யாமும் கூட்டங்களின் அங்கத்தவரே. கம்பனியைக் குற்றங்கூறும் நா, தன் சபையின் கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்க்கவுங் கூசாதாயின், அதனைக் கேட்கும் பிள்ளை நீதி இன்னதென்பதை உணர்ந்து வளரும்.